ஈரத்துணியும் இருபது நிமிடமும்

தருமபுரியிலிருந்து:

அப்பா வாங்கிய 1982ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி, பதினோரு வருடம் மாட்டுக்கொட்டகை ஓரச் சார்ப்பில் கிடந்தது. சென்ற ஆண்டு அதை எழுப்பினேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, டேங்கின் துருவை அகற்றி, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் புதிய பாயின்ட்டும் அதோடு சேரும் புதிய கண்டன்சரும் மாட்டினேன். ஊருக்குள் குறையில்லாமல் ஓடியது. சேலம் போய்த் திரும்பும்போதுதான் வினை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், பக்கத்தில் லாரிகள் முக்கிக்கொண்டு ஏற, என் வண்டி இரண்டு முறை குலுங்கி அடங்கிவிட்டது.

உதவிக்கு வந்த எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: வேப்பர் லாக். பத்மினியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பது. சித்திரை வெயிலில் ஏற்றம் ஏறினால் அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றச் சொன்னார்கள். சுற்றினோம். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பியது. அடுத்த இரண்டு பயணங்களிலும் இதே கதை. பிறகு ஒரு குடம் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் இல்லாமல் நான் சேலம் போனதில்லை.

நான்காவது முறை நின்றபோது தண்ணீர் தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அதே இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது! அத்தனை நாள் வண்டியைப் பிழைக்க வைத்தது துணியே இல்லை. சூடானால் படுத்து, ஆறினால் எழும் உறுப்புகள் பெட்ரோல் பக்கம் மட்டுமா இருக்கின்றன, மின்பொறிப் பக்கமும் இருக்கின்றனவே என்று அங்கேதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு தம்பியை அழைத்துக்கொண்டு, வண்டி நிற்கட்டும் என்றே தொப்பூர் போனேன். அந்தக் கணவாய் விபத்துக்குப் பெயர்போனது. குலுங்கத் தொடங்கியதுமே சாலையை விட்டு நன்றாக இறக்கிவிட்டேன். முதலில் பொறியைப் பார்த்தோம். பெட்ரோல் குழாயைத் திறந்த பிறகு அருகில் பொறி தெறிக்கக் கூடாது, ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவயரை உருவி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். தம்பி சாவியைத் திருப்பினான். நீலமாகப் பட்பட்டென்று தெறிக்க வேண்டிய பொறி மஞ்சளாய் மெலிந்து வந்தது, சில சுற்றுகளில் வரவே இல்லை. பிறகு பொறிக்கான மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சுழற்றினோம். பெட்ரோல் நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. வேப்பர் லாக் கிடையவே கிடையாது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், மாட்டி ஆறு மாதம்கூட ஆகாத பாயின்ட்டின் முகம் கருகிக் குழிவிழுந்திருந்தது. பாயின்ட் விலகும் கணத்தில் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டன்சர். அது கைவிட்டால் பொறி பாயின்ட்டிலேயே எரிந்து தீரும். காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியாது. பிளக்கிற்கு வலு போகாது. நான் ஆசையாக மாட்டிய புதிய கண்டன்சர்தான் சூடேறியதும் கைவிட்டிருக்கிறது. புதியது என்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. டிக்கியில் தகர டப்பாவில் கிடந்த பழையதை எடுத்து மாட்டினேன். பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தேன். மீதி ஏற்றம் முழுவதும் ஒரு குலுக்கல் இல்லை. தம்பி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா, எனக்குத் தாத்தாவின் ஹெர்குலிஸ் நினைவுக்கு வந்தது. கம்பி பிரேக் வைத்த 28 அங்குலச் சைக்கிள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு 'டக்'. பெடல் தண்டுகள் மாட்டிய அச்சு தேய்ந்திருக்கும் என்று கடையில் சொன்னார்கள். கழற்றப்போய் ஒரு மாலை முழுவதும், அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப்போடு போராடினேன். ஸ்பேனரில் இரும்புக் குழாய் சொருகி இழுக்க இழுக்க இறுகியது. அந்தப் பக்கம் எதிர்மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும் என்பதைப் பக்கத்துத் தெரு முதியவர் ஒருவர் வந்து சொன்னார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் கப்பைத் தொடவே இல்லை. பெடல்களை மேலும் கீழுமாக நிறுத்திப் பார்த்தார்; இரண்டும் நேர்கோட்டில் இல்லை. பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் இரண்டையும் நான் ஒரே திசையில் அடித்திருந்தேன். ஒன்று முன்னிருந்து என்றால் மற்றது பின்னிருந்து போக வேண்டும். இடப்பக்கப் பின்னின் தட்டை முகமும் நசுங்கியிருந்தது, 'டக்' அதிலிருந்துதான். அச்சு கண்ணாடிபோல் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டிருப்பேனே என்று இன்றும் மனம் பதைக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எங்கள் அம்பாசடரில் முன் இடது சக்கரம் பிரேக்கை விட்டபின்னும் பிடித்தபடியே இருந்தது. டிரம்முக்குள் இருந்த சிலிண்டரையும் ரப்பர்களையும் இரண்டு முறை மாற்றினோம். கடைசியில் சக்கரம் பிடித்திருக்கும்போதே, ரப்பர் ஹோஸுக்கு முன்னால் பிரேக் ஆயில் வரும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் அசையவில்லை. சக்கரத்தின் பிரேக் சிலிண்டரில் ஆயிலிலிருந்து காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்தியதும் விடுபட்டது. அப்படியானால் அடைப்பு நடுவிலிருக்கும் ஹோஸில்தான். வெட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பு இல்லை. உள்ளே ரப்பர் வீங்கி, ஊசி நுழையக்கூட வழியில்லை. மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வர முடியவில்லை.

தருமபுரியிலிருந்து, மீண்டும்:

பாலக்கோட்டுத் தம்பி, புதுக் காட்டர் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 9 மில்லிமீட்டரிலும் 9.5 மில்லிமீட்டரிலும் வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.