டெக்சஸ்: துப்பாக்கியை மறைத்து எடுத்துவருபவரைக் கடைக்குள் விட மறுக்கலாமா?

கல்லாப்பெட்டி:
டெக்சஸில் ஓர் உணவகம். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் வாசலில் இருக்கிறது. சட்டைக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரை இதைக் காட்டி வெளியே போகச் சொல்ல முடியுமா? "லைசென்ஸ் இருக்கிறது, அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தந்த ஆயுத உரிமை" என்று அவர் வாதாடினால்? காரில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கும் தடை போடலாமா?

முள்வேலி:
மறுக்கும் உரிமையில் சந்தேகமே வேண்டாம். இரண்டாம் திருத்தம் கட்டிப்போடுவது அரசின் கையை. கடைக்காரரின் கையை அல்ல. 1964 சிவில் உரிமைச் சட்டம் உணவகத்தில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கிறது. துப்பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நிறத்தவரை மட்டும் நிறுத்திக் கேட்டால் அதே சட்டம் உங்கள் மேல் பாயும்.

கோட்டை விடுவது அறிவிப்பில்தான். லைசென்ஸ் உள்ளவருக்கு அந்த ஸ்டிக்கர் செல்லாது. டெக்சஸ் குற்றவியல் சட்டத்தின் (பீனல் கோடு) 30.06 பிரிவு தரும் வாசகம் வார்த்தை மாறாமல், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து எடுப்பான நிறத்தில், குறைந்தது 1 அங்குல உயர எழுத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அந்த அளவில் இரண்டு மொழியும் ஏறினால் போர்டு கதவில் பாதியை அடைக்கும். அதனால்தான் பலர் எழுத்தைச் சுருக்கி ஒரே தாளில் அடிக்கிறார்கள், அது வீண். கண்ணாடியில் நேரடியாக ஒட்டிய வெள்ளை எழுத்தும் வேண்டாம். பின்னால் வெளிர் நிறச் சுவர் இருந்தால் பகலில் படிக்கவே முடியாது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து நல்லது.

தாழ்ப்பாள்:
முள்வேலி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலும் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆகவே முழுத் தடைக்கு மூன்று போர்டு: லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05, மறைத்து வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்கு 30.06, வெளியே தெரிய வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்கு 30.07. இதில் 30.07 ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும். பின்வாசலையும் மறக்காதீர்கள்.

போர்டை மீறி வந்தால் 200 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். நேரில் சொல்லியும் போகவில்லை என்றால் கிளாஸ் ஏ குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். எனவே வாய்ச்சொல்லுக்குத்தான் பலம் அதிகம். "இங்கே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை, தயவுசெய்து வெளியே போங்கள்" என்று பொறுப்பில் இருப்பவர் சொன்னால் போதும். 30.06 வாசகம் அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தாலும் எழுத்து அறிவிப்பு ஆகும். கல்லாவில் நாலு வைத்திருங்கள்.

"எடுத்துக் காட்டுங்கள்" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. உறையில் இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். மேஜைகளுக்கு நடுவே வெளியே வருவதுதான் ஆபத்து. தொடவோ சோதிக்கவோ வேண்டாம். மறுத்தால் போலீசை அழையுங்கள்.

இந்தத் தடை காவலர்களுக்குப் பொருந்தாது. 2017 முதல், பணி நேரத்தில் இல்லாத டெக்சஸ் காவலரைக்கூட ஆயுதத்துக்காகப் பொதுமக்கள் வந்துபோகும் கடை தடுக்க முடியாது.

எல்லைக்கல்:
கார் விஷயம்: லைசென்ஸ் உள்ள ஊழியர் பூட்டிய காரில் வைப்பதை முதலாளி தடுக்க 2011 முதலே டெக்சஸில் பொதுவாக அனுமதி இல்லை. வாடிக்கையாளரிடமும் கேட்காமல் விடுவதே என் யோசனை. காரிலும் வைக்க வழியில்லை என்றால் அது சட்டைக்குள்தான் திரும்பி வரும்.

வேறு மாநிலத்தில் கிளை திறந்தால் இந்த போர்டுகளை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இல்லினாயில் மாநிலப் போலீஸ் வகுத்த 4-க்கு 6 அங்குலப் படமே செல்லும். விஸ்கான்சினில் குறைந்தது 5-க்கு 7 அங்குலம். அங்கே தடை போடாத கடைக்கு, அந்த முடிவால் எழும் வழக்குகளிலிருந்து சட்டம் பாதுகாப்பும் தருகிறது. தடை போடுமுன் அதையும் யோசிக்க வேண்டும்.

கல்லாப்பெட்டி:
நன்றி. ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு மூன்று போர்டுக்கும் அளவெடுக்கிறேன். பின்வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும், போர்டு சுவர்ப் பக்கம் போய்விடும். என்ன செய்வது?

தாழ்ப்பாள்:
கதவில் வேண்டாம். நிலைக்குப் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில் திருகி மாட்டுங்கள். அதன் மேல் எந்த போஸ்டரும் ஏறக் கூடாது.