இடிச்சது அவன், என்சிடி போனது எனக்கு: எங்கே போய்ச் சரிபண்றது?

சிப்புட்_தம்பி:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். புரோட்டோன் சாகா கார், காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் (சொந்த வண்டிப் பழுதுக்கும் சேர்த்து), 55 விழுக்காடு என்சிடி, அதாவது கிளேம் பண்ணாத வருஷங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, இருந்துச்சு. போன வருஷம் சிவப்பு விளக்குல நின்னுக்கிட்டு இருந்தப்ப பின்னாடி வந்த மைவி கார் இடிச்சிருச்சு. பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்) ரிப்போர்ட் போட்டேன், கிளேம் வேலையெல்லாம் வொர்க்‌ஷாப்காரரே பார்த்தார். இப்ப இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனா, "கிளேம் இருக்கு, என்சிடி சைபர்"னு ஏஜெண்டு கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

ஈப்போ_மச்சான்:
வேற கம்பெனிக்கு மாறிடுங்க. புதுசா வர்றவனுக்கு எப்படித் தெரியப்போகுது லா.

பழைய_கிராணி:
தெரியும் மச்சான். என்சிடியை எல்லா கம்பெனியும் ஒரே மையப் பதிவுலதான் பார்க்குது. மாறினா சைபரும் கூடவே வரும்.

தம்பி, முதல்ல மைகார்இன்ஃபோ இணையத்தளத்துல உங்க என்சிடியைப் பாருங்க. அங்கேயும் சைபர்னா ஏஜெண்டு சொன்னது சரி. ஆனா அங்கே யாரும் திருத்தித் தரமாட்டாங்க. எந்த கம்பெனி அந்தக் கிளேமைப் பதிஞ்சதோ, அதுதான் திருத்தணும்.

உங்க கிளேம் எந்த வகையில பதிவாகியிருக்குன்னு கேளுங்க, விஷயமே அங்கதான் இருக்கு. சாதாரண ஓடி கிளேம்னா, அதாவது சொந்த இன்சூரன்ஸ்லயே பழுதுக்குக் கேட்டதுன்னா, யார் மேல தப்புன்னு பார்க்காம என்சிடி மொத்தமும் போயிரும், அடுத்த வருஷம் 25-லிருந்து மறுபடி ஏறணும். கேஎஃப்கே, அதாவது நாக்-ஃபார்-நாக்னா, உங்க கம்பெனியே பழுதுக்குக் காசு கொடுக்கும், தப்பு உங்க மேல இல்லைன்னா என்சிடி அப்படியே நிக்கும். அந்தத் தப்பு யாருதுன்னு காட்டறது போலீஸோட விசாரணை முடிவு. நீங்க போட்ட ரிப்போர்ட் வேற, அந்த முடிவு வேற. வொர்க்‌ஷாப் பைல்ல ரிப்போர்ட் மட்டும் போயிருக்கும்னு நினைக்கிறேன்.

அடிப்படை பிரீமியம் 1,000 வெள்ளி (ரிங்கிட்)னு வச்சா, 55 விழுக்காட்டுல 450 கட்டுவீங்க. சைபர்ல முழு ஆயிரம். வரியும் முத்திரைக் கட்டணமும் தனி. அலையறதுக்கு இது போதும்.

மங்கை_தைப்பிங்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, பிரிவு 30-ன்படி உங்களைப் பத்தி வச்சிருக்கற விவரத்தைக் காட்டச் சொல்லலாம், பிரிவு 34-ன்படி திருத்தச் சொல்லலாம். 21 நாள் கெடு. நகல் வேணும்னா சின்னக் கட்டணம் கேட்பாங்க. போன்ல பேசிப் பிரயோஜனமில்ல, மின்னஞ்சல் போடுங்க. கிளேம் பதிவு, கிளேம் வகை, ஓட்டுநர் விவரம், விலாசம் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேளுங்க. 2017 ஜூலைக்குப் பிறகு காம்ப்ரிஹென்சிவ் விலையை கம்பெனியே முடிவு பண்ணுது, ஓட்டறவரோட விவரமும் அதுல சேருது. வயசோ கிளேமோ தப்பா இருந்தா காசு கூடிரும்.

கடைசிப் பதில்லயும் கம்பெனி மறுத்தா எஃப்எம்ஓஎஸ் இருக்கு, இன்சூரன்ஸ் மாதிரி நிதிக் கம்பெனிங்க மேல வர்ற புகாரை விசாரிக்கற அமைப்பு. முன்னாடி ஓஎஃப்எஸ்னு இருந்ததுதான், 2025-லிருந்து இந்தப் பேர். புகாருக்குக் காசு கிடையாது. ஆனா கம்பெனியோட பதில் கையில இல்லாம அங்கே போகாதீங்க.

சிப்புட்_தம்பி:
நன்றி. இன்சூரன்ஸ் இந்த வாரத்தோட முடியுது, அதுவரைக்கும்?

பழைய_கிராணி:
இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டாதீங்க, அது தனிக் குத்தம். கட்டிடுங்க, "என்சிடி பதிவை ஆட்சேபிக்கிறேன், திருத்தினதும் வித்தியாசத்தைத் திருப்பித் தரணும்"னு அன்னைக்கே எழுதி அனுப்பி வைங்க.

சிப்புட்_தம்பி:
விசாரணை முடிவு வாங்கி அனுப்பினேன். கேஎஃப்கேயா மாத்திட்டாங்க, மைகார்இன்ஃபோல 55 காட்டுது. வித்தியாசக் காசு இன்னும் வரல. கம்பெனி கொடுத்த பதிவு நகலைப் பார்த்தா என் விலாசம் பழைய தோட்டத்து லயம்! அந்த வரிசையை இடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. கிளேம் பத்தின கடிதமெல்லாம் அங்கேதான் போயிருக்கு. அதையும் மாத்தச் சொல்லிட்டேன். ஜேபிஜேலயும் (சாலைப் போக்குவரத்து இலாகா) தானா மாறிடுமா?

மங்கை_தைப்பிங்:
மாறாது. அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க இலாகாவுக்குப் பொருந்தாது, கம்பெனியில திருத்தினது அங்கே போகவும் போகாது. முதல்ல ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) ஐசி, அதாவது அடையாள அட்டை, விலாசத்தை மாத்துங்க, அப்புறம் ஜேபிஜே.