புதுப்பிப்பு: ஐந்து மாம்பழக் கூழும் ருசி பார்த்தாச்சு

மகள் காதுகுத்துக்கு மாம்பழ ஜூஸ் கொடுக்கணும், போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கணவன் மனைவி சொந்தத் தோப்புப் பழத்தில் கூழ் போடுறாங்க, எந்த ரகம் வாங்கலாம்னு போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் அல்போன்சான்னு சொன்னீங்க. நேத்து நேரிலேயே போயிட்டேன்.

செந்தூரா, பங்கனப்பள்ளி ரெண்டும் நல்ல இனிப்பு. நீலத்தில் லேசா அடிப்பிடிச்ச வாசம். சொன்னதும் அண்ணன் வாயில் வச்சுப் பார்த்து, "இதை விக்க மாட்டேன்"னு பாட்டில்களைத் தனியா எடுத்து வச்சுட்டார். எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

அல்போன்சா, குங்குமப்பூ நிறம், அப்படியொரு வாசனை. பெங்களூரா, அதான் நம்ம கிளிமூக்கு, வெளிர் மஞ்சள், புளிப்பு தூக்கல். இங்கத்திக் கூழ் ஆலைகளில் அதிகம் ஓடுறதும் அதுதான். அக்கா ரெண்டு பங்கு பெங்களூராவில் ஒரு பங்கு அல்போன்சா கலந்து கரண்டியைச் சாய்ச்சாங்க. நாரே இல்லாம பட்டையா வழிஞ்சது.

"வெறும் இனிப்பு ரெண்டாவது டம்ளர்ல திகட்டிடும் தம்பி, புளிப்புதான் இழுத்துப் பிடிக்கும்."

குடிச்சுப் பார்த்தேன், உண்மைதான். அந்தக் கலவையிலேயே 20 லிட்டர் சொல்லியாச்சு.