மண் அணையில் கலங்கலாகக் கசிவு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஊறுவதற்குக் காரணமே எங்கள் சின்ன மண் அணைதான். இப்போது அதன் வெளிச்சரிவின் அடியில், மதகுக் குழாயை ஒட்டி நீர் கசிகிறது. மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வந்தவரை கவலையில்லை. இப்போது கலங்கலாக வருகிறது, அதாவது உள்ளே மண் அரிக்கிறது. நீர்மட்டத்தை மெல்லக் குறைத்துவருகிறோம் (சட்டென்று இறக்கினால் உள்சரிவு சரியலாம்).

வெளிப்பக்கம் களிமண்ணால் அடைக்கச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போகும் வழியை அடைத்தால் கரைக்குள் அழுத்தம்தான் கூடும். மணல், அதன்மேல் சரளை என்று, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடும் வடிகட்டி போடலாம் என நினைக்கிறேன். மணலின் துகள் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்? குழாயைச் சுற்றித் தோண்டி மறுபடி மண் போட்டுக் கெட்டிப்படுத்துவதா, புதுக்குழாயே போடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.