வேட்டை சீசன் முடிந்தபின் எல்க், மான் இடம் பார்ப்பது: இப்போதே போகலாமா, பனி உருகட்டுமா?

கேள்வி: புதுத்தடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மேற்குப் பகுதியில் ஒரு யூனிட் (வேட்டைக்கென வரையறுத்த பகுதி). ரைஃபிள் சீசன் நவம்பரோடு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் வில்லோடு எல்க் (பெரிய மான் இனம்), நவம்பரில் ரைஃபிளோடு மியூல் மான், இரண்டும் அதே யூனிட்டில்தான். 9,000 அடிக்கு மேல் இப்போதே பனி. கீழே சேஜ் புதர்க் காட்டில் எல்க் பெரிய கூட்டமாக ரோட்டிலிருந்தே தெரிகிறது. அந்த இடங்களை மேப்பில் குறித்து வைப்பதில் பயன் உண்டா? எதை இப்போது பார்க்கணும், எதை வெயில் காலத்துக்கு விடணும்? விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராவை இப்போதே மரத்தில் கட்டிவிடலாமா?

பதில்: வடக்குச்சரிவு

ரோட்டோரக் கூட்டத்தைப் பார்த்து ரசியுங்கள், செப்டம்பருக்காகக் குறிக்க வேண்டாம். பனி ஆழமாகி மேலே தீனி கிடைக்காததால் இறங்கி வந்தவை அவை. செப்டம்பரில் பல மைல் தள்ளி, ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இருந்திருக்கும். அவை அங்கே விட்டுவிட்டு வந்த அடையாளங்களைத்தான் தேட வேண்டும். எந்த அடையாளம் எந்த மாதத்தது என்று பிரிக்காமல் குறித்தால் மேப் நிறையும், வேட்டைக்கு உதவாது.

செப்டம்பர் அடையாளத்தில் முதலில் கொம்பு உரசிய மரம். எல்க் உரசல் நெஞ்சுயரம், அதற்கு மேலும் போகும், கிளைகள் முறிந்திருக்கும். மியூல் மான் உரசல் மெல்லிய கன்றுகளில், முழங்காலிலிருந்து இடுப்பு வரை. இந்த வருஷத்து உரசலில் மரம் வெளிறிப் பளிச்சென்று இருக்கும், பிசின் ஒட்டும். பழையது சாம்பல் நிறமாகி, பட்டையின் ஓரம் தடித்துவிடும். தனியாக ஒரே ஒரு மரம் என்றால் வழியில் போன ஆண் என்று விட்டுவிடலாம். ஒரே இடத்தில் புதிதும் பழையதும் கலந்து பத்துப் பதினைந்து மரங்கள் இருந்தால் வருஷாவருஷம் வருகிற இடம். சேற்றில் புரளும் குழிகள் இப்போது பனிக்கடியில் இருக்கும், ஜூன், ஜூலையில் தேடுங்கள். சரிவில் ஊற்று கசியும் சமதளத் திட்டுகளில் கிடைக்கும். சுற்றியுள்ள அடிமரங்களில் காய்ந்த சேறும் மயிரும் ஒட்டியிருக்கும்.

புழுக்கையும் மாதம் சொல்லும். பச்சைப் புல் மேயும் கோடையில் எல்க் போடுவது மாட்டுச் சாணம் போல ஒட்டிய கட்டி. காய்ந்த தீனிக்கு மாறியதும் தனித்தனி உருண்டை, முக்கால் அங்குலத்துக்கு மேல். மான் புழுக்கை அதைவிடச் சிறியது.

நவம்பர் அடையாளத்துக்கு டிசம்பர் முதல் வாரங்கள்தான் சரி. வெடிச்சத்தத்துக்குப் பிறகு எல்க் எங்கே ஒதுங்கியது என்று பனித்தடம் காட்டும். வளர்ந்த எல்க் குளம்படி 4 அங்குலம், சற்று உருண்டை. மியூல் மான் 3 அங்குலத்தை ஒட்டி, முனை கூர்மை. தெற்குச் சரிவில் வெயில் பட்ட தடத்தை அளக்காதீர்கள், உருகி விரிந்து மானை எல்க்காகக் காட்டும். வடக்குச் சரிவின் அடர்ந்த மரங்களுக்குள் 4 அடி நீளக் கிடைகள் (எல்க் படுத்த பள்ளங்கள்) ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆண். இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண்கள் பிரிந்து சின்னக் கூட்டமாக ஒதுங்கும்.

பதில்: தூரக்கண்ணாடி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். மியூல் மானுக்குக் கீழ்க்காடு வீண் இல்லை. அது இணைசேர்வது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. அப்போது பெண் மான்கள் நிற்கும் சரிவுகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், ஆண்கள் அங்கேதான் வரும்.

ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். உடம்பில் சேர்த்த கொழுப்பில் ஓட்டும் காலம் அது, பெண்கள் சினையாக இருக்கும். ஆழப்பனியில் ஒருமுறை விரட்டினாலே வசந்தம் வரை தாங்க வேண்டிய பலம் குறையும். ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே பொதுநிலத்தில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை உதிர்ந்த கொம்பு பொறுக்கவும் தடை. சில வனவிலங்குப் பகுதிகளில் உள்ளே நுழையவே தடை உண்டு. தேதி ஒவ்வொன்றுக்கும் வேறு, பலகையைப் படியுங்கள்.

அரை மைலுக்கு அப்பாலிருந்து ட்ரைபாடில் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைநோக்கி) வைத்து, காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். பிப்ரவரியில் கொம்பில்லாததெல்லாம் பெண் என்று எண்ணிவிடாதீர்கள்: ஆண் மியூல் மான் ஜனவரியிலேயே கொம்பை உதிர்க்கத் தொடங்கும், எல்க் மார்ச், ஏப்ரல் வரை வைத்திருக்கும். எல்க் கொம்பு கிடைத்த இடமும் வசந்தகால இடம்தான், செப்டம்பர் இடமில்லை.

புதுத்தடம்

அப்போ டிசம்பர்ல ஒரு தடவை, அப்புறம் ஜூன்தானா? நடுவுல அஞ்சு மாசம் மேப்ல என்ன பண்றது?

பதில்: கோடுவாசி

நிறைய வேலை இருக்குங்க. வன இலாகாவோட மோட்டார் வாகன மேப்பை எடுத்து, திறந்திருக்கிற ரோடு எது, எந்தத் தேதி வரை திறந்திருக்கும்னு முதல்ல பாருங்க. ஒவ்வொரு ரோட்டிலிருந்தும் ஒரு மைல் கோடு போடுங்க. அதுக்கு வெளியே 1:24,000 டோப்போ மேப்பில் (நிலத்தின் ஏற்ற இறக்கம் காட்டும் மேப்), வடக்கு, வடகிழக்குச் சரிவில் சம உயரக் கோடுகள் திடீர்னு விலகுற இடம்தான் திட்டு. பக்கத்தில் ஊற்றும் புல்வெளியும் இருந்தா ஜூன்ல முதல்ல அங்கே போங்க. சாட்டிலைட் படத்தில் செப்டம்பர் எடுத்ததா தேடிப் பாருங்க. ஜூன்ல எல்லாமே பச்சை, கடைசி வரை ஈரம் எங்கேன்னு தெரியாது.

ஒவ்வொரு குறியிலும் மாதம், அடையாளம், புதுசா பழசா, மூணும் எழுதுங்க. டிசம்பர்ல நடக்கும்போது கூடாரம் போட்ட இடம், நெருப்பு வளையம், கிளையில் கட்டின ரிப்பன், காலித் தோட்டா இதையும் வேற நிறத்தில் குறிங்க. இந்த நிறம் இல்லாத பகுதிதான் நவம்பர்ல எல்க் ஒதுங்குற பகுதி. 30 டிகிரிக்கு மேல் சரிவுள்ள பனியில் மட்டும் ஏறாதீங்க, பனிச்சரிவு அபாயம்.

பதில்: வடக்குச்சரிவு

கேமரா இப்போது வேண்டாம், பனி மூடும், படம் எடுத்தாலும் செப்டம்பருக்கு உதவாது. ஜூலையில் சேற்றுக் குழியிலும் கணவாயிலும் கட்டுங்கள். லித்தியம் பேட்டரி; லென்ஸ் வடக்கு நோக்கி, இல்லாவிட்டால் சூரியன் பட்டு வெற்றுப் படங்கள் நிறையும். தடத்துக்குக் குறுக்கே வைக்காமல் 45 டிகிரி சாய்வாக வைத்தால் விலங்கு சட்டத்துக்குள் கூடுதல் நேரம் நிற்கும். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். பக்கத்து மாநிலங்களில் விதி வேறு: யூட்டாவில் ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை வேட்டைக்குக் கேமரா கூடாது, அரிசோனாவில் 2022 முதல் முழுத் தடை.

இன்னொன்று, கொலராடோ டிரா (வேட்டை உரிமத்துக்கான குலுக்கல்) விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடும். டிசம்பர் நடையில் கூடார வளையங்கள் மட்டுமே கிடைத்தால் யூனிட்டை மாற்ற அதுவரைதான் நேரம்.