புதுப்பிப்பு: இரண்டாம் கியரில் இருந்த உரசல் தீர்ந்தது

வண்டி சூடான பின் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் கரகரவென்று உரசுவதாக முன்பு எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கிளட்ச் முழுமையாக விடுபடவில்லையோ என்ற ஐயத்தை முதலில் சோதித்தேன். எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டபோது சத்தமின்றி விழுந்ததால், அந்தக் காரணம் விலகியது. பிறகு கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். சின்க்ரோ ரிங்கை (கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) கியரின் கூம்பு வடிவப் பகுதியின் மேல் கையால் அழுத்திப் பிடித்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சுற்றிலும் அளக்கச் சொன்ன யோசனையே விடை தந்தது: மற்ற ரிங்குகள் நல்ல நிலையில் இருக்க, இரண்டாம் கியருக்குரியது மட்டும், இடைவெளி சர்வீஸ் கையேட்டின் வரம்புக்குக் கீழே போகும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

நான் எதிர்பாராதது, ஸ்லீவின் (நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்) உட்பற்களின் முனைகளும் மழுங்கியிருந்ததுதான். ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் கியர் நழுவும் தொல்லை பின்னர் வந்திருக்கக்கூடும் என்பதால், ஸ்லீவையும் அது நகரும் மையப் பகுதியான ஹப்பையும் ஜோடியாகவே மாற்றினேன். கூம்பு பேரிங்குகளும் புதியவை ஆகையால் பழைய ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அப்படியே போடாமல், கையேட்டின்படி மீண்டும் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உண்மையில் பொறுமையைச் சோதித்த வேலை இதுவே.

ஊற்றிய கியர் ஆயில், கையேடு கேட்கும் ஜிஎல்-4 என்ற தரம்தான். ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை ரிங்குகளைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. இப்போது சூட்டிலும் இரண்டாம் கியர் உரசாமல் விழுகிறது. குளிர்ந்த நிலையில் மட்டும் சற்று இறுக்கம் உள்ளது.