கணக்கு டீச்சருக்கு ஒரு பரிசு: உங்க யோசனை வேணும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு எடுக்கிற அக்கா வர்ற மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுறாங்க. நான் தமிழ் டீச்சர். 18 வருஷமா ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அவங்க வட்டக் கணக்குல வர்ற 'பை' (π) நடத்துற அன்னிக்கு என் ஃப்ரீ பீரியடை அந்த வகுப்பு வாசல்லயே கழிச்சிடுவேன். பிள்ளைங்க வளையல், டிபன் பாக்ஸ் மூடி, சைக்கிள் டயர்னு கொண்டு வருவாங்க. நூலைச் சுத்தி அளந்து, அதைக் குறுக்களவால வகுக்கணும். சின்ன வளையலுக்கும் பெரிய டயருக்கும் 3-க்குக் கொஞ்சம் மேலயே விடை வர்றப்போ வகுப்பு அப்படியே அமைதியாயிடும். அதுக்கப்புறம்தான் 22/7-ஐ போர்டுல எழுதுவாங்க. அந்த அமைதியை என் வகுப்புல நான் இன்னும் கொண்டு வந்ததில்லை.

சால்வை, மாலை எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதனால பழைய மாணவர்கள் கைப்பட எழுதின கடிதங்களைப் புத்தகமா கட்டிக் கொடுக்கப் போறேன். ஐம்பது அறுபது வரும். இன்லேண்ட் லெட்டர், நோட்டுத்தாள்னு அளவு வேற வேற. ஓரத்து எழுத்து மறையாம பைண்டிங் பண்ண வழி இருக்கா? மதுரைப் பக்கம் கையால தைச்சுக் கட்டுற பைண்டர் யாரையாவது தெரியுமா? டைப் அடிச்சு அச்சிட மனசு வரல. கையெழுத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளைன்னு சொல்லிடுவாங்க அக்கா.

ஏப்ரல் கடைசிக்குள்ள வேலையைக் கொடுத்தாகணும். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.